மருந்தோடு சுற்றியவள்

நான் வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுகிறவள். வரதராஜன்பேட்டையில் இதைச் சொன்னால் அடுத்து பத்து கேள்வி வரும் என்பதால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவேன். அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் சென்னையிலிருந்து வந்து, வீட்டின் முன்னறையில் மேசை போட்டுக்கொண்டு, சென்னையிலிருக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்காக எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அக்காவும் ஆசிரியைதான். அவள் கணவர் குவைத்தில் இருக்கிறார், அவள் பெரம்பலூரில் தனியாக இருக்கிறாள்.

நாங்கள் செய்துகொண்டிருந்த கேமில் கடல் வற்றிப்போன ஒரு நிலம் வரும். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் குழிகளில் கிடைக்கும் சிப்பிக் கற்களை அப்பா வகுப்புக்கு எடுத்துப்போவார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நிலம் தானாகவே வந்தது. கதை எளிமையானது. கடிதம் கொண்டுபோகும் ஒருத்தி, காய்ச்சலில் கிடக்கும் தன் தம்பிக்கு மருந்து வாங்கிக்கொண்டு அந்த வறண்ட கடலைக் கடக்கிறாள். பதினான்கு அத்தியாயம் எழுதியிருந்தேன். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. விளையாடுகிறவர் எந்த வழியில் போவார், யாரை எப்போது சந்திப்பார், எப்போது அழுவார் என்பதெல்லாம் என் கையில் இருந்தது.

போன வருடம் எங்கள் குழுத் தலைவர் வீடியோ அழைப்பில் வந்து, முடிவு மாறிவிட்டது என்றார்.

"இனிமே ரோடு கெடையாது. முழு மேப்பையும் தொறந்து விடப்போறோம். யாரு எங்க வேணும்னாலும் போலாம், எப்ப வேணும்னாலும் போலாம்."

"அப்ப என் பதினாலு அத்தியாயம்?"

"அதெல்லாம் இருக்கும். வரிசை மட்டும் இருக்காது."

வரிசை மட்டும். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலையில் எழுதியதைத் திறந்தபோதுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஊற்று வற்றிப்போகிறது. எட்டாம் அத்தியாயத்தில் ஒரு கிழவர் அதை நினைத்து அழுகிறார். இப்போது விளையாடுகிறவர் முதல் நாளே கிழவரிடம் போய் நிற்கலாம். பக்கத்தில் ஊற்று நிறைந்து ஓடிக்கொண்டிருக்கும், இவர் அழுவார். படகைக் காவல் காக்கும் ஒருத்தி, "மறுபடியும் வந்துட்டியா" என்று ஒரு வரி பேசுவாள். முன்னால் பார்த்தேயிராத ஒருவரிடம் அதைச் சொல்வாள். நான் வசனங்களிலிருந்து 'நேத்து' என்ற சொல்லை எடுக்கத் தொடங்கினேன். பிறகு 'அப்புறம்', 'மறுபடி', 'முன்னாடியே சொன்னேனே' எல்லாம் போயின. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நிபந்தனை எழுத வேண்டியிருந்தது. ஊற்று வற்றியிருந்தால் இது, வற்றாவிட்டால் இது, கிழவர் ஏற்கெனவே செத்திருந்தால் எதுவுமில்லை. எக்ஸெல் தாள் நீண்டுகொண்டே போனது. எங்கோ ஒரு கட்டத்தில் தவறு விட்டிருப்பேன், செத்தவர் எழுந்து பேசிவிடுவார் என்ற பயம் சாப்பிடும்போதும் விடவில்லை.

பெரிய சிக்கல் தம்பிதான். அவன் சாகக் கிடக்கிறான், அக்கா ஓட வேண்டும். அதுதான் கதையின் உயிர். ஆனால் மேப் திறந்துவிட்ட பிறகு ஓடுவதற்கு எந்த அவசியமும் இல்லை. அவள் சிப்பி பொறுக்கலாம், ஆடு தேடித் தரலாம், எவனோ ஒருவனின் கல்யாணத்துக்குச் சமைக்கலாம். கேமுக்குள் நாற்பது நாள் கழித்து வந்தாலும் தம்பி அதே கட்டிலில், அதே காய்ச்சலோடு, "வந்துட்டியாக்கா" என்பான். கதை சொல்வதெல்லாம் அவசரம், கேம் சொல்வதெல்லாம் நிதானம். இரண்டில் எதை நம்புவது?

இந்த நேரத்தில்தான் அப்பாவின் கழுத்தில் கட்டி வந்தது. வலது காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடிக்கும், சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. அக்கா பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். "ரிசல்ட் வரட்டும், பாத்துக்கலாம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நாளில் லேபில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். சீட்டை அக்கா வைத்துக்கொண்டாள். லேப் அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

ஐந்து நாள் ஆனது. ஏழு நாள் ஆனது. நான் கேட்கவில்லை. அக்கா பார்த்துக்கொள்வாள், வந்திருந்தால் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவும் எதுவும் பேசவில்லை. தினமும் காலையில் பேப்பர் படித்தார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனார், ஒருநாள் ஓய்வூதியர் சங்கக் கூட்டம் என்று வெளியே போய்விட்டு வந்தார். நான் எக்ஸெல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போனேன். கேமை ஒருமுறையும் பார்க்காத யாரையாவது விளையாடச் சொல்லி, பக்கத்திலிருந்து குறிப்பெடுக்க வேண்டும் என்று குழுவில் கேட்டிருந்தார்கள். ஒரு விதி உண்டு: பார்க்கிறவர் வாயே திறக்கக் கூடாது. இப்படிப் போ, அதை எடு என்று ஒரு சொல் சொன்னாலும் சோதனை கெட்டுவிடும். அக்காவுக்குக் கோடை விடுமுறை. கேம் விளையாடிப் பழக்கமில்லாதவள் என்பதால் நல்ல ஆள் என்று நினைத்தேன். உண்மையில் ரிசல்ட்டைப் பற்றிக் கேட்கவும் அது ஒரு சாக்கு.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தோம். முதல் காட்சியில் வைத்தியர் மருந்துக் குப்பியைக் கொடுத்து, "சீக்கிரம் போ, அவன் தாங்க மாட்டான்" என்கிறார். அக்கா குப்பியைப் பையில் போட்டுக்கொண்டாள். கிழக்கே தம்பியின் ஊரைக் காட்டும் வெளிச்சம் தெரிந்தது. அதை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேற்கே நடந்தாள்.

புதிதாக விளையாடுகிறவர்கள் வழி தெரியாமல் சுற்றுவது சகஜம். நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் அக்காவுக்கு வழி தெரியாமல் இல்லை. அரைமணி நேரத்தில் மேப்பைத் திறக்கவும், குறி வைக்கவும் கற்றுக்கொண்டாள். தொலைந்த ஆடுகள் ஆறையும் கண்டுபிடித்தாள். குழிக்குள் இறங்கிச் சிப்பி எடுத்தாள். ஒரு கிழவி கேட்டாள் என்று கூரை வேயப் புல் அறுத்தாள். வழியில் பார்த்த ஒவ்வொருவரிடமும் நின்று, அவர்கள் சொல்வதைக் கடைசி வரி வரை படித்தாள். நான் ஆறு மாதம் முன்பு எழுதி, இதை யாரும் படிக்கப்போவதில்லை என்று நினைத்த வரிகளுக்கெல்லாம் சிரித்தாள். எழுதியவளுக்கு அதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் கிழக்கே தெரிந்த அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் ஊர்ப் பக்கம் போவாள், எல்லைக் கல் வரை போவாள், திரும்பிவிடுவாள். மூன்று முறை அப்படிச் செய்தாள்.

இரண்டரை மணி நேரம் போனது. மூன்றாவது முறை அவள் எல்லைக் கல்லிலிருந்து திரும்பியபோது என்னால் முடியவில்லை.

"ஏங்க்கா, பையில மருந்து இருக்குல்ல? அவன் அங்க கெடக்குறான்ல? ஏன் போவ மாட்டேங்குற?"

அக்கா மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் போனாத்தானே அவனுக்கு என்னான்னு தெரியும்? போவாத வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

அது சரிதான். கேம் அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது. எல்லைக் கல்லைத் தாண்டினால்தான் தம்பியின் காட்சி தொடங்கும். அதுவரை அவன் சாகவும் மாட்டான், பிழைக்கவும் மாட்டான். யாரும் சொல்லாமலே அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது.

"ரிசல்ட் வாங்கலியா நீ?" என்றேன்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "நாலு தடவ லேப் வாசல் வரைக்கும் போனேன்டி. உள்ள போவ முடியல. அம்மாவுக்கும் இப்பிடித்தான ஒரு சீட்டு குடுத்தாங்க."

அம்மாவுக்குப் புற்றுநோய் என்ற ரிசல்ட்டையும் அவள்தான் போய் வாங்கினாள். அப்போது நான் சென்னையில் இருந்தேன். வாங்கிக்கொண்டு அந்தக் கவரோடு பஸ்ஸில் வரதராஜன்பேட்டை வரை எப்படி வந்தாள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"வா, ரெண்டு பேரும் போவோம்" என்றேன். லேப்டாப்பை மூடக்கூட இல்லை.

லேபில் கவுண்டரில் இருந்த பெண் சீட்டை வாங்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் பார்த்தாள். திரும்பவும் சீட்டைப் பார்த்தாள்.

"இது அன்னைக்கே குடுத்தாச்சுங்களே."

"யாருகிட்ட?"

"பேஷண்டே வந்து வாங்கிட்டாருங்க. மெசேஜ் அவரு போனுக்குத்தான் போயிருக்கும். அஞ்சு நாளு ஆச்சு."

ஓய்வூதியர் சங்கக் கூட்டம். அப்பா அன்றைக்கு இரண்டு பஸ் மாறிப் பெரம்பலூர் வந்து, அக்கா வீட்டுத் தெருவைத் தாண்டி, இந்தக் கவுண்டரில் வந்து நின்றிருக்கிறார். கவரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, என்னோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டிருக்கிறார். ரிசல்ட் என்னவென்று கேட்டோம். பேஷண்ட் வராமல் சொல்ல முடியாது என்றாள். அவள் மேல் தப்பில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். வாசலில் நின்று ஆறேழு முறை போட்டேன். அதே குரல்.

பஸ் பிடித்தோம். நல்ல செய்தி என்றால் ஏன் மறைக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விதான் இரண்டு பேருக்கும். அரியலூர் தாண்டியதும் சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்று பஸ் ஊர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு அப்பா ஒருநாள், "இனிமே எனக்கு என்ன இருக்கு, நீங்க ரெண்டு பேரும் நிமிந்துட்டீங்க" என்று சொன்னது எனக்கு அப்போது பார்த்து ஞாபகம் வந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அதுவே ஞாபகம் வந்திருந்தால்? ஜெயங்கொண்டத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்ற இருபது நிமிடமும் நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன்.

வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"சார் காலையில நீங்க கெளம்புன கொஞ்ச நேரத்துலயே கெளம்பிட்டாருங்க. கையில ஒரு பை வச்சிருந்தாரு. எங்கன்னு சொல்லல."

என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தோம். அக்கா நேராக அப்பாவின் அலமாரிக்குப் போனாள். நான் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதற்குத் தோட்டத்தைப் பார்த்தேன் என்று இப்போதும் சொல்லப் பிடிக்கவில்லை. அலமாரியில் கவர் இல்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாதா படத்துக்கு முன்னால் அக்கா முட்டி போட்டாள். நான் வாசலில் நின்றேன்.

நாலு மணி டவுன் பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. தெருமுனையிலேயே என்னைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள வந்துட்டியா?" என்றார். பின்னால் அக்காவைப் பார்த்ததும் நின்றார். புரிந்துகொண்டார்.

"லேபுக்குப் போனீங்களா?" என்றார்.

அக்கா அழுதுகொண்டே கத்தினாள். "போன ஏன்ப்பா ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க? நாங்க செத்துட்டோம் தெரியுமா?"

"சார்ஜ் போயிடுச்சும்மா. உள்ள வாங்க, தெருவுல நிக்காதீங்க."

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மஞ்சள் பையிலிருந்து கவரையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டிபி. நுரையீரல்ல இல்ல, கழுத்து நெறிக்கட்டுல. ஒட்டாதுன்னு சொன்னாரு டாக்டரு. ஆறு மாசம் மாத்திரை. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில குடுக்குறாங்க, இன்னைக்கும் அங்கதான் போயிட்டு வரேன். ஆரம்பிச்சு நாலு நாளாச்சு."

புற்றுநோய் இல்லை என்ற நிம்மதி வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அப்பா கொஞ்ச நேரம் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சாம் நாளு வரைக்கும் பாத்தேன், யாராச்சும் ரிசல்ட் என்னாச்சுன்னு கேப்பீங்கன்னு. மெசேஜும் வந்துடுச்சு. நீங்க கேக்கல. சரி, புள்ளைங்க பயந்து கெடக்குதுங்க, நாமளே போயிட்டு வருவோம்னு போயிட்டேன். வாங்கினப்புறம் டிபின்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்க கேக்குறப்ப சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அக்கா எழுந்துபோய் அவருக்கு டீ போட்டாள்.

திங்கட்கிழமை குழுக் கூட்டத்தில் நான் சோதனைக் குறிப்பைப் படித்தேன். விளையாடியவர் என் அக்கா என்று சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. தலைவர் உடனே ஒரு தீர்வு வைத்திருந்தார்.

"கடிகாரம் வச்சிடுவோம். மூணு நாள். அதுக்குள்ள மருந்து போகலன்னா தம்பி காலி. அவசரம் தன்னால வந்துடும்."

"வேணாங்க" என்றேன். "கடிகாரம் வச்சா யாரும் ஆடு தேட மாட்டாங்க, கிழவிகிட்ட நின்னு பேச மாட்டாங்க. மேப்பத் தொறந்ததுக்கே அர்த்தம் போயிடும்."

"அப்ப அப்படியே கட்டில்லயே கெடக்கட்டுமா?"

"அவன் சும்மா கெடக்க வேணாம். அக்கா வரலன்னா அவனே ஏதாச்சும் செய்யட்டும். பக்கத்து வீட்டுல கேப்பான். கஷாயம் போட்டுக் குடிப்பான். பத்து நாள் கழிச்சு அக்கா வந்தா, எழுந்து உக்காந்திருப்பான், மெலிஞ்சு போயிருப்பான். எப்பிடிக் கடந்தான்னு அவளுக்குச் சொல்ல மாட்டான்."

தலைவர் கேட்டார். "ப்ளேயர்தானே ஹீரோ? அவங்க இல்லாமலே தம்பி பொழச்சுட்டா மருந்து எதுக்கு?"

"அதை அவளும் யோசிக்கட்டும்" என்றேன்.

ஒரு வாரம் இழுத்தார்கள். செலவாகும், புதுக் காட்சிகள் வரைய வேண்டும், விளையாடுகிறவர்கள் ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள். கடைசியில் தம்பிக்கு மட்டும் சம்மதித்தார்கள். மற்றவர்கள் எல்லாம் பழையபடி, விளையாடுகிறவர் வரும்வரை இருந்த இடத்திலேயே நிற்பார்கள். தம்பியின் நாட்களை நான் எழுதினேன். ஒவ்வொரு நாளும் அவன் என்ன செய்கிறான் என்பதை, யாரும் பார்க்காவிட்டாலும் நடக்கிற மாதிரி எழுதுவது சுலபமாக இல்லை. ஏழாம் நாள் அவன் வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அக்கா அந்தக் கேமைத் திரும்பத் தொடவில்லை. அவள் விட்ட இடம் அப்படியே சேமிப்பில் இருக்கிறது, நானும் அழிக்கவில்லை. இப்போது அவள் வாராவாரம் சனிக்கிழமை வருகிறாள். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் கேட்கிறாள். "அப்பா, மாத்திர போட்டீங்களா? காய்ச்ச இருந்துச்சா? டாக்டரு என்னா சொன்னாரு?" அப்பாவுக்கு எரிச்சல். ஆனாலும் ஒன்று விடாமல் பதில் சொல்கிறார்.

மூன்றாம் மாதம் நடக்கிறது. கட்டி பாதிக்கு மேல் வற்றிவிட்டது. எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. ஆனால் போன வாரத்திலிருந்து மாத்திரை போட்டதும் குமட்டுகிறது என்கிறார், கண் லேசாக மஞ்சளாக இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். இந்த மாத்திரை சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வெளிச்சத்தில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை பார்த்தேன். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "நாளைக்கு லீவு போட்டுட்டு வரேன், ரத்தம் எடுத்துடுவோம்" என்றாள். இப்போது ரத்தம் எடுத்தாயிற்று. ரிசல்ட் பன்னிரண்டு மணிக்கு வரும் என்றார்கள். பதினொன்றேகாலுக்கே நாங்கள் மூன்று பேரும் லேபின் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். அப்பாவுக்குப் பசிக்கிறதாம்.